கிளாக் 19-ஆ, பி365-ஆ? கேலிபரை விடுங்கள், முதலில் கைப்பிடியைப் பாருங்கள்

ஒருவர் எனக்கு அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. டெக்சஸில் டாலஸ் பக்கம் வேலை, கணவன் மனைவி இருவருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது, தினமும் உடையில் மறைத்து எடுத்துப்போக ஒரு கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறார். கிளாக் 19 வாங்கலாமா, சிக் பி365 வாங்கலாமா? கேலிபர், அதாவது குண்டின் குறுக்களவு, 9எம்எம் போதுமா, .45 (இது அங்குலக் கணக்கு) வேண்டுமா? மனைவிக்கு ஒரு குட்டி .38 ரிவால்வர் போதும் என்று கடைக்காரர் சொல்கிறாரே, சரியா? ஆள் 5 அடி 6 அங்குலம், ஒல்லி, ஆபீஸுக்கு சட்டையை இன் பண்ணிக்கொண்டு போகிறவர்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கேலிபர் 9எம்எம், அதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. துப்பாக்கி பி365 அளவில் ஒன்று. மனைவிக்கு அந்த ரிவால்வர் வேண்டாம். மிச்சப் பணமும் நேரமும் ஹோல்ஸ்டர் என்கிற உறைக்கும் பயிற்சிக்கும் போகட்டும். ஏன் என்பதுதான் நீளமான கதை.

அதற்கு முன்னால் நம் ஆட்கள் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம். அமெரிக்க மத்திய சட்டப்படி எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை, கடையில் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் ஊரிலிருந்து மாமனார் பி-2 விசாவில் வருகிறார், ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் ஒரு ரவுண்டு சுடவைத்து போட்டோ எடுக்கலாம் என்று நினைத்தால், வேட்டை லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதே குற்றம், கொடுத்தவருக்கும் சேர்த்து.

கிரீன் கார்டுக்காரருக்கு இன்னொரு கத்தியும் தலைக்கு மேல் தொங்குகிறது. துப்பாக்கியைச் சட்டத்துக்கு மாறாக வைத்திருந்ததாகவோ எடுத்துச்சென்றதாகவோ தண்டனை கிடைத்தால், குடியேற்றச் சட்டத்தில் அதுவே நாடுகடத்துவதற்கான காரணம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற விவகாரம் உங்களுக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் புரட்டிப்போடலாம். மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் சட்டவிரோதம்தான், 4473-இல் அந்தக் கேள்வி நேராகவே இருக்கிறது. வார இறுதியில் கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் துப்பாக்கி யோசனையைக் கைவிடுங்கள்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது தாண்டிய, வேறு தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம். இருந்தாலும் எல்டிசி என்கிற அந்த லைசென்ஸை எடுத்துவிடுங்கள். நாலைந்து மணி நேர வகுப்பு, 3, 7, 15 கஜ தூரங்களில் 50 தோட்டா சுட்டுக்காட்டும் ஒரு சோதனை, 40 டாலர் கட்டணம். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது, அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. பிள்ளையைத் தினமும் காரில் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிற ஆளுக்கு இது ஒன்றே போதுமான காரணம். பள்ளிக் கட்டடத்துக்குள் லைசென்ஸ் இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது, போஸ்ட் ஆபீஸ் உட்பட மத்திய அரசுக் கட்டடங்களும் அப்படித்தான். பக்கத்து மாநிலங்களுக்குக் காரில் போகும்போதும் லைசென்ஸ் உதவும், ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி இவையெல்லாம் டெக்சஸ் லைசென்ஸை மதிப்பதில்லை. கடை வாசலில் 30.06 என்று எண் போட்ட அறிவிப்பு, மது விற்கிற இடத்தில் சிவப்பில் 51% என்ற பலகை, இவற்றைப் பார்த்தால் உள்ளே கொண்டுபோகாதீர்கள். கம்பெனி தன் கட்டடத்துக்குள் தடைசெய்யலாம், பார்க்கிங்கில் பூட்டிய உங்கள் சொந்தக் காருக்குள் இருப்பதை 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலும் தடுக்க முடியாது.

சரி, கேலிபர். ".45-இல் ஒன்று விழுந்தால் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவான்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. குண்டு எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அவ்வளவு உந்தம் சுடுகிறவன் கையிலும் விழுகிறது, நீங்கள் தூக்கி எறியப்படவில்லை என்றால் அவனும் மாட்டான். கைத்துப்பாக்கிக் குண்டு செய்வதெல்லாம் ஒரு துளை போடுவது. அந்தத் துளை முக்கியமான உறுப்பைத் தொடுகிற ஆழத்துக்குப் போகிறதா, சரியான இடத்தில் விழுகிறதா, இவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை அமெரிக்கா கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. 1986 ஏப்ரல் 11, மயாமி. பிளாட், மேட்டிக்ஸ் என்ற இரண்டு வங்கிக் கொள்ளைக்காரர்களை எட்டு எஃப்பிஐ ஆட்கள் மடக்கினார்கள். மோதலின் தொடக்கத்திலேயே ஜெர்ரி டவ் என்ற அதிகாரி சுட்ட 115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) 9எம்எம் ஹாலோ பாயின்ட் குண்டு, அதாவது நுனியில் குழி விட்டு உடம்புக்குள் விரியும்படி செய்த குண்டு, பிளாட்டின் வலது கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் அதற்குப் பிறகும் பிளாட் சண்டை போட்டான். டவ், கிரோகன் என்ற இரண்டு அதிகாரிகள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். ஒரு கை செயலிழந்த நிலையில் மிரெலெஸ் என்ற அதிகாரி முதலில் ஷாட்கன்னாலும் பிறகு ரிவால்வராலும் சுட்டுத்தான் முடித்துவைத்தார்.

அதிலிருந்துதான் எஃப்பிஐ தன் தோட்டாச் சோதனையை வகுத்தது. சதைக்குப் பதிலாக வைக்கிற 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட வேண்டும், நேராகவும், கனத்த துணி, தகரம், ஜிப்சம் பலகை, பிளைவுட், கார் கண்ணாடி இவற்றைத் தாண்டியும். குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. முதலில் அவர்கள் தாவியது 10எம்எம் பக்கம். அது பலருக்குக் கையில் அடங்கவில்லை, அதைச் சுருக்கி 1990-இல் .40 எஸ்&டபிள்யூ வந்தது, நாடு முழுக்கப் போலீஸ் அதற்கு மாறியது. ஆனால் அதே சோதனையைத் தாண்ட வேண்டும் என்று தோட்டாக் கம்பெனிகள் போட்டிபோட்டு உழைத்ததில் 9எம்எம் குண்டும் சத்தமில்லாமல் தேறிவிட்டது. 2016 வாக்கில் எஃப்பிஐயே 9எம்எம்முக்குத் திரும்பியது. 86-இல் தோற்ற குண்டும் இன்றைக்குக் கடையில் கிடைக்கிற ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட் போன்றவையும் பெயரில்தான் ஒன்று. 9எம்எம் பலவீனம் என்று சொல்கிறவர் ஏறக்குறைய நாற்பது வருடப் பழைய செய்தியைச் சொல்கிறார்.

நல்ல 9எம்எம், .40, .45 மூன்றும் ஜெலட்டினில் ஏறக்குறைய ஒரே ஆழம் போகின்றன. துளையின் அகலத்தில் வித்தியாசம் சில மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டருக்காக நீங்கள் கொடுக்கும் விலை: உதை அதிகம், கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டா குறைவு, பயிற்சித் தோட்டா விலை அதிகம். துப்பாக்கி சின்னதாக ஆக ஆக உதை இன்னும் கடுமையாகும், அரைக் கிலோ பிஸ்டலில் .40 சுட்டுப் பார்த்தவர்கள் இரண்டாவது மேகசினை விரும்பி எடுப்பதில்லை. முதல் குண்டு தவறிப்போவது சினிமாவில்தான் அபூர்வம், நிஜத்தில் பயிற்சி பெற்ற போலீஸே பாதிக்கு மேல் தவறவிடுவதுண்டு. அப்போது கண்ணும் கையும் இலக்குக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்புகின்றன என்பதுதான் பேச்சு, அதில் 9எம்எம் ஜெயிக்கும்.

9எம்எம்முக்குக் கீழே .380 ஏசிபி என்ற தோட்டா இருக்கிறது. 1908-இல் பிரவுனிங் வடிவமைத்தது, 90 கிரெய்ன் சொச்சம் குண்டு, 9எம்எம்மில் ஏறக்குறைய அறுபது சதவீத ஆற்றல். இதில் ஹாலோ பாயின்ட் போட்டால் ஒன்று விரிந்து 12 அங்குலத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறது, இல்லையென்றால் விரியாமல் ஆழமாகப் போகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்கிற தோட்டா குறைவு. அதற்காக அது வீண் என்று சொல்ல மாட்டேன். ரூகர் எல்சிபி மாதிரி பிஸ்டல் 300 கிராமுக்கும் கீழே, பேன்ட் பாக்கெட்டில் பர்ஸ் மாதிரி கிடக்கும். வேறு எதையுமே வைக்க முடியாத உடைக்கு அது ஒரு வழி. வேடிக்கை என்னவென்றால் பலவீனமான இந்தத் தோட்டாதான் 9எம்எம்மைவிட விலை அதிகம், விற்பனை குறைவு என்பதால். .22-ஐப் பொறுத்தவரை சுட மிகவும் எளிது, ஆனால் விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் அந்த வகைத் தோட்டாவில் பற்றாமல் போவது மற்றவற்றைவிட அதிகம். கையில் வேறு எதையும் தாங்க முடியாதவருக்கு மட்டும்.

இப்போது நிஜமான கேள்விக்கு வருவோம், அளவு. புதிதாக வாங்குகிறவர்கள் குழலின் நீளத்தைப் பார்க்கிறார்கள். குழல் பேன்ட்டுக்குள் கீழ்நோக்கி இறங்கி நிற்கிறது, அது மூன்று அங்குலமா நான்கா என்று வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. காட்டிக்கொடுப்பது கைப்பிடி. பெல்ட்டுக்கு மேலே நிற்கிற பாகம் அதுதான், குனியும்போது, காரிலிருந்து இறங்கும்போது சட்டையைக் கூடாரம் மாதிரி தூக்கிக்காட்டுகிற மூலை அதனுடையது. எனவே மறைப்பதற்கு உயரத்தைப் பாருங்கள், அதாவது மேகசின் அடியிலிருந்து ஸ்லைடு (குழலை மூடி முன்பின் நகரும் மேல் பாகம்) மேல்பக்கம் வரை. கிளாக் 19-க்கு அது 128 மில்லிமீட்டர். கிளாக் 43எக்ஸ் "மெலிசு, மறைப்பது எளிது" என்று விற்கப்படுகிறது, அதன் உயரமும் அதே 128 தான். அகலம் குறைந்திருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, அது சுகம்தான், ஆனால் ஒல்லியான உடம்பில் சட்டையைத் தூக்கும் மூலை அப்படியே இருக்கிறது. பி365 சுமார் 109 மில்லிமீட்டர். அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் உங்கள் மாதிரி உடம்புக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

குறையும் உண்டு. கைப்பிடி குட்டையானால் சுண்டுவிரல் தொங்கும், பிடி தளரும், உதை மேலே தெரியும். கை பெரிதாக இருந்தால் விரலுக்கு ஒரு சின்ன நீட்டம் வைத்த மேகசின் போட்டுக்கொள்ளலாம். கடையில் பிடித்துப் பார்க்கும்போது சும்மா பிடிக்காதீர்கள், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, டிரிகர் விரலின் நுனி டிரிகரில் நேராக உட்காருகிறதா, மேகசின் பட்டனுக்குக் கட்டைவிரல் எட்டுகிறதா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப்பார்ப்பது இன்னும் நல்லது. வாடகையும் ஒரு பெட்டித் தோட்டாவும் சேர்த்து ஆகும் செலவு, பிடிக்காத துப்பாக்கியை விற்கும்போது நட்டமாகும் தொகையில் கால்வாசி கூட இருக்காது.

பி365 வந்தது 2018-இல். அதுவரை இந்த அளவு பிஸ்டல் என்றால் ஆறு, ஏழு தோட்டா. கிளாக் 43 ஆறு, எஸ்&டபிள்யூ ஷீல்ட் ஏழு. சிக் கம்பெனி ஆட்கள் மேகசினை அடியில் இரட்டை வரிசையாகவும் மேலே போகப்போக ஒற்றையாகவும் குறுக்கி, ஏறக்குறைய அதே பருமனில் பத்துத் தோட்டாவை உள்ளே நுழைத்துவிட்டார்கள். காலி எடை 500 கிராம் சொச்சம். மற்றவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள்: 2019-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட், 2021-இல் ஷீல்ட் பிளஸ், ரூகர் மேக்ஸ்-9. இந்த நான்கில் எது உங்கள் கைக்கு உட்காருகிறதோ அதை எடுங்கள், நான்கும் தேறிய சரக்கு. என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் ஷீல்ட் பிளஸ். இரண்டு மூன்று அவுன்ஸ் கூடுதல், டிரிகர் நன்றாக இருக்கிறது, உதை இன்னும் கொஞ்சம் சாது. ஆனால் 5 அடி 6 அங்குல ஒல்லி உடம்பு என்று நீங்கள் சொன்னதால் பி365-ஐயே முன்னால் வைக்கிறேன்.

கிளாக் 19 கெட்ட துப்பாக்கி இல்லை, 1988 முதல் உலகம் முழுக்க நின்று காட்டியது, 15 தோட்டா, சுடுவதற்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எளிது. தோட்டா நிரப்பினால் 850 கிராமுக்குப் பக்கம் வரும். தொளதொளவென்று டி-ஷர்ட் போடுகிற, கொஞ்சம் தாட்டியான ஆளுக்கு அது கச்சிதம். நீங்கள் முதல் வாரம் ஆசையாகக் கட்டிக்கொள்வீர்கள், மூன்றாவது மாதம் அது வீட்டில் பெட்டிக்குள் இருக்கும், அதிலும் ஹியூஸ்டன், டாலஸ் வெயிலில். வீட்டுக்கென்று ஒன்று, எடுத்துப்போக ஒன்று என இரண்டு வாங்கும் வசதி இருந்தால் 19-ஐ வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன் பண்ணிய சட்டை பெரிய தொல்லைதான். பெல்ட்டின் மேல் கொக்கி தெரியாமல் சட்டைத் துணியைத் துப்பாக்கிக்கும் கிளிப்புக்கும் நடுவே செருகிக்கொள்ளும் ஹோல்ஸ்டர்கள் உண்டு, மறைப்பு சரியாக இருக்கும், எடுப்பது மெதுவாகும், சட்டையை முழுசாகப் பிடுங்க வேண்டும். ஆபீஸ் நாளுக்கு எல்சிபி மேக்ஸ் மாதிரி பத்துத் தோட்டா .380 ஒன்றை முன்பாக்கெட்டில் பாக்கெட் ஹோல்ஸ்டரோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, லிப் பாம் எதுவும் கூடவே கூடாது. உங்கள் கம்பெனி தடைசெய்திருந்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை.

இனி அந்த ரிவால்வர். "லேடீஸுக்கு ஜே-ஃபிரேம்" (குட்டி ரிவால்வர் வகை) என்பது துப்பாக்கிக் கடைகளின் மிகப் பழைய வசனம், சின்னது, ரோஸ் கலரில்கூடக் கிடைக்கிறது. நம் ஊரிலும் இதே சிந்தனைதான், 2014-இல் கான்பூர் ஆர்டனன்ஸ் தொழிற்சாலை பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை விட்டது, விலை ஒரு லட்சத்துக்கு மேல். எஸ்&டபிள்யூ 642 மாதிரி ரிவால்வர் 400 கிராம் சொச்சம். அதன் டிரிகரை இழுக்க வேண்டிய விசை 10, 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்து கிலோ. 400 கிராம் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஐந்து கிலோ இழுப்பு இழுக்கச் சொல்கிறோம், அதுவும் புதிதாகக் கற்கிறவரை! குழல் இரண்டு அங்குலத்துக்கும் கீழே, குறிபார்க்கும் முனைகள் பெயருக்கு, எடை இல்லாததால் .38 உள்ளங்கையைக் கிழிக்கிறது, ஐந்தே தோட்டா, திரும்ப நிரப்ப நேரம். அனுபவசாலிக்கு அருமையான ஆயுதம். கோட் பாக்கெட்டுக்குள்ளிருந்தே சுடலாம், ஸ்லைடு சிக்கிக்கொள்ளும் கவலை இல்லை. ஆரம்பத்தில் இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் ஒரு முறை சுட்டுவிட்டு, "எனக்கு இது வேண்டாம்" என்று கீழே வைத்துவிடுவார், அதில் அவர் தப்பும் இல்லை.

கடைக்காரர் சொல்லும் காரணம் பெரும்பாலும் "ஸ்லைடை இழுக்கப் பலம் வேண்டும்" என்பது. பாதி அது முறை தெரியாத பிரச்சினை. ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல், முழு உள்ளங்கையால் மேலிருந்து பற்றி, துப்பாக்கியை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு கை பின்னால் இழுக்க மறு கை பிடியை முன்னால் தள்ளினால் பெரும்பாலானோருக்கு முடிந்துவிடும், அப்போதும் குழலின் வாய் பாதுகாப்பான திசையிலேயே இருக்க வேண்டும். உண்மையிலேயே விரல் மூட்டுவலி இருந்தால் எஸ்&டபிள்யூ ஷீல்ட் ஈஇசட் இருக்கிறது, 2018-இல் .380-இல் வந்தது, பிறகு 9எம்எம்மிலும். ஸ்பிரிங் இலகு, மேகசின் நிரப்புவதும் எளிது. இதில் .380 எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், பத்துக்கு ஒன்பது இலக்கில் போகிற .380, பத்துக்கு நான்கு போகிற 9எம்எம்மைவிட மேல். ஒரு எச்சரிக்கை: .380 என்றாலே மென்மை என்று நம்பி வால்தர் பிபிகே மாதிரி பழைய வடிவங்களுக்குப் போகாதீர்கள். அவற்றில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இல்லை, உதை முழுக்க ஸ்லைடின் எடையும் கனத்த ஸ்பிரிங்கும்தான் தாங்க வேண்டும். அதனால் ஸ்லைடும் கடினம், கையில் அறைவதும் அதிகம், பூட்டும் அமைப்புள்ள பெரிய 9எம்எம் அதைவிடச் சாது.

எதுவானாலும் மனைவி தானே போய், தானே பிடித்துப் பார்த்து, தானே சுட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். கைப்பையில் போடுவது மட்டும் வேண்டாம். பையைத்தான் திருடன் முதலில் பறிப்பான், பிள்ளையும் சாக்லெட் தேடி முதலில் கையை விடுவது அதில்தான். பெல்ட் போடாத உடைகளுக்கு, லெக்கின்ஸ், குர்த்திக்கு எல்லாம், இடுப்பில் தனியாகக் கட்டிக்கொண்டு அதில் கெட்டியான ஹோல்ஸ்டரைப் பொருத்துகிற பட்டைகள் வந்துவிட்டன. குர்த்தி அதை மறைக்கிற அழகுக்கு ஆண்கள் பொறாமைப்பட வேண்டும்.

ஹோல்ஸ்டர் என்றதும் இருபது டாலர் நைலான் உறையை எடுத்துவிடாதீர்கள். டிரிகரை முழுக்க மூடுகிற, அந்த மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, 60 முதல் 100 டாலர். துப்பாக்கியை எடுத்தபின்னும் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். முன்பக்கம் தொப்புளுக்கு வலப்புறம் வைப்பது மறைப்புக்குச் சிறந்தது, ஹோல்ஸ்டரில் 'கிளா' என்ற சின்னக் கொம்பு இருந்தால் அது பெல்ட்டில் முட்டி, கைப்பிடியை வயிற்றுப்பக்கம் சாய்த்துவிடும். ஆனால் அந்த இடத்தில் குழலின் வாய் நேராகத் தொடையின் பெரிய தமனியைப் பார்க்கிறது. எனவே திரும்ப உறையில் போடும்போது சட்டையை விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக. விபத்துகளில் பெரும்பகுதி எடுக்கும்போது நடப்பதில்லை, திரும்ப வைக்கும்போது சட்டை நுனியோ விரலோ டிரிகருக்குள் சிக்கி நடக்கிறது. முன்பக்கம் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் இடுப்பின் வலதுபக்க எலும்புக்குக் கொஞ்சம் பின்னால், அங்கே குனியும்போது மட்டும் ஜாக்கிரதை. விறைப்பான பெல்ட் ஒன்று சேர்த்து வாங்குங்கள், துணிக்கடை பெல்ட் மடங்கி, துப்பாக்கி வெளிப்பக்கம் சரியும்.

சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், தோட்டா வைத்தா வைக்காமலா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டு கையும் சும்மா இருக்கும், ஸ்லைடை இழுக்க நேரம் கிடைக்கும் என்று எந்தச் சண்டையும் உத்தரவாதம் தராது, அதனால் வைத்துத்தான். பயமாக இருந்தால், அது ஆரோக்கியமான பயம், சில வாரம் வீட்டுக்குள் காலித் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் கட்டிக்கொண்டு நடமாடிப் பாருங்கள், உட்காருங்கள், காய்கறி நறுக்குங்கள், தரை துடையுங்கள். டிரிகர் தானாக இழுபடாது என்று உடம்பு நம்ப ஆரம்பிக்கும். கையால் தள்ளும் சேஃப்டி வேண்டுமென்றால் பி365, ஷீல்ட் பிளஸ் இரண்டிலும் அந்த வடிவம் கிடைக்கிறது. எடுத்தால் ஒவ்வொரு பயிற்சியிலும் அதைத் தள்ளிப் பழக வேண்டும், இல்லையென்றால் வாங்காமலே இருக்கலாம். ரெட் டாட், அதாவது சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி, பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

தோட்டாவில் இரண்டு வகை வாங்குங்கள். பயிற்சிக்கு மலிவான முழு உலோக உறைக் குண்டு, எடுத்துப்போக மேலே சொன்ன மாதிரி ஹாலோ பாயின்ட், 124 அல்லது 147 கிரெய்ன். விரியாத குண்டு ஆளைத் துளைத்துப் பின்னால் இருப்பவர் மேல் போகலாம், உங்கள் துப்பாக்கியிலிருந்து போன ஒவ்வொரு குண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஹாலோ பாயின்டை இரண்டு மூன்று பெட்டியாவது உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, சிக்காமல் ஓடுகிறது என்று உறுதிசெய்த பிறகே இடுப்பில் கட்டுங்கள். ரேஞ்சில் 25 கஜத்தில் தாளைத் துளைப்பது மனசுக்கு இதம், உங்களுக்குத் தேவைப்படுவது 3, 5, 7 கஜம், உறையிலிருந்து எடுத்துச் சுடுவது. பல ரேஞ்சுகள் உறையிலிருந்து எடுக்கவிடுவதில்லை, அதனால் ஒரு நாள் வகுப்பு ஒன்றில் சேருங்கள், இரண்டாவது துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடலாம். வீட்டில் காலித் துப்பாக்கியோடு டிரிகர் பழகுவது இலவசம், தோட்டா அந்த அறையிலேயே இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு.

வீட்டைப் பற்றி ஒன்று கேட்காமலே சொல்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகிற உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், இப்போது வாங்காதீர்கள், திருடன் அதைவிடச் சின்ன ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இடுப்பில் இருக்க வேண்டும் அல்லது பூட்டிய பெட்டியில். அலமாரி மேல்தட்டு, மெத்தைக்கு அடி, ரெண்டும் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சஸில் தனியாக ஒரு குற்றம். எண் அமுக்கித் திறக்கும் சின்னப் பெட்டி ஒன்று படுக்கைக்குப் பக்கத்தில் திருகி மாட்டுங்கள், காரிலும் கம்பி வடத்தால் இருக்கைக் காலோடு கட்டிய பெட்டி ஒன்று. டாஷ்போர்டு அறை பெட்டி ஆகாது, கார் கண்ணாடியை உடைக்கிறவன் முதலில் திறப்பதே அதைத்தான்.

கடைசியாக, ரேஞ்சுக்கு எடுத்துப்போகிற பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை எந்தக் காலத்திலும் விமானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, அதுவும் 9எம்எம் அங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லி வெளியே வந்தவர்கள் உண்டு, விமானமும் லீவும் வக்கீல் செலவும் போனபிறகு. ஊருக்குக் கிளம்பும்போது ரேஞ்சுக்குப் போட்டுப்போன ஜாக்கெட்டின் பாக்கெட்டையும் ஒரு முறை தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள்.